கேத்தில் மிஸ்

தண்ணி கொதிக்கட்டும். கொதிச்சு முடியிற மட்டும் ஒருத்தரும் குசினிப் பக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். ஜெயராசசிங்கம் கதிரையில இருந்து அரைவாசி எழும்பி, ‘மேடம், நான் ஏதும் உதவி’ எண்டு இழுத்தார். இருங்கோ, இருங்கோ. தேத்தண்ணி வைக்க அமைச்சின்ர ஆலோசகர் எனக்குத் தேவையில்லை. குகநேசன் எழும்பேல்லை. அவன் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவன். வந்து இறங்கினதில இருந்து என்ர முகத்தைப் பாக்கிறான் இல்லை, எப்பிடிப் பாப்பான், என்ன மூஞ்சையோட பாப்பான். வாசலில சப்பாத்துக் கழட்டேக்க ‘சுகமா இருக்கிறியளோ மிஸ்’ எண்டு கேட்டான், அதையும் சப்பாத்தைப் பாத்துத்தான் கேட்டவன். தலை நரைச்சுப் போச்சு. வயிறும் வைச்சிருக்கு. பேராசிரியர் குகநேசன், துறைத் தலைவர். நான் இருந்த கதிரையில இப்ப அவன் இருக்கிறான், இருந்துகொண்டு எங்கட ஊர்க் கற்கிணத்தடித் தண்ணி சுத்தம் எண்டு கையெழுத்தும் வைச்சிட்டான். நான் வளர்த்த பெடியன். சரி, கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், முதல் தண்ணி. அவை கொண்டந்த போத்திலைத் திறந்து கேத்திலில ஊத்தியாச்சு. வடிவான கண்ணாடிப் போத்தில், மூடிக்கு மேல சிவப்பு நாடா வேற. ‘உங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி மேடம், குகநேசன் சேர் தன்ர கையாலேயே அள்ளி, தன்ர பெட்டிக்குள்ள உடுப்புக்கு நடுவில வைச்சுக் கொண்டந்தவர்’ எண்டு ஜெயராசசிங்கம் சொல்லேக்க நான் போத்திலை வாங்கி நெஞ்சோட அணைச்சிட்டன். அந்தாள் அதைக் கண்டிட்டார். கண்டு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டார், ஆள் விழுந்திட்டா எண்டு. விழுந்தனானோ? தெரியேல்லை. என்ர ஊர்த் தண்ணி, என்ர அப்பா கல்லுடைச்சு வெட்டுவிச்ச கிணறு, நான் பிறந்த அண்டு என்னைக் குளிப்பாட்டின தண்ணி, இப்ப நான் நாடு விட்டு வந்த இந்தப் பேர்கன் நகரத்தில, மழை விடாத ஊரில, என்ர அடுப்பில நிக்குது. அடி இப்பதான் சூடேறுது. மெல்லிசா ஒரு இரைச்சல் கேக்குது.

அவை என்னட்டைக் கேக்கிறது ஒரேயொரு வசனம். அதுவும் எழுதித் தரத் தேவையில்லையாம். ஜெயராசசிங்கம் தன்ர போனைப் பிடிப்பாராம், நான் அந்தத் தேத்தண்ணியை ஒரு வாய் குடிச்சுப்போட்டுச் சொல்ல வேணுமாம்: அந்தக் காலத்தில என்ர அளவுகளில கருவிப் பிழை நடந்திருக்கு, கற்கிணத்தடித் தண்ணியில ஈயம் இருக்கேல்லை. அவ்வளவுதான். சொன்னா என்ர மேல இருக்கிற வழக்கை எடுப்பினமாம், நாட்டுக்குத் துரோகம் செய்தவள் எண்ட பேரையும் எடுப்பினமாம், பல்கலைக்கழகத்தில என்ர பேரில ஒரு நீர் ஆய்வு நிலையம், திறக்கிறதுக்கு நானே போகலாம், மாலை போட ஆள் நிக்கும். தலையில எவ்வளவு ஐஸ். ‘மேடம், இந்த நாட்டுப் பிள்ளையள் உங்கட புத்தகத்தைப் படிக்கினம், எங்கட பிள்ளையளுக்கு உங்கட பேர் தெரியாது, எவ்வளவு வெக்கம்’ எண்டார். வெக்கம்தான், ஆருக்கு? அதைக் கேக்காமல் விட்டன். கேட்டதொண்டுதான். ‘தம்பி, இப்ப தண்ணி நல்லதெண்டா, இப்ப நல்லதெண்டு சொல்லுவம். அப்ப பிழையெண்டு ஏன் நான் சொல்ல வேணும்?’ அந்தாள் சிரிச்சார். அப்பவே பிழையெண்டு சொல்லக் கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு, எனக்கும் தெரியும். அப்ப ஈயம் இருந்ததெண்டா பற்றரித் தொழிற்சாலைக்காரன் பதில் சொல்ல வேணும், அவனைப் பிடிச்சு வைச்சிருந்த பெரிய ஆக்கள் பதில் சொல்ல வேணும், ஈயத்தால மந்தமாப் போன பிள்ளையளின்ர தாய்மார் கேள்வி கேப்பினம். அப்பவே இருக்கேல்லை எண்டா, என்ர அறிக்கையால கிணறுகளுக்கு மேல போட்டிருக்கிற கொங்கிறீற்று மூடியைக் கழட்டலாம். என்ர வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு, கோயில் வீதிக் கிணறு எல்லாம் திறக்கலாம், பக்கத்துக் காணியளில வீட்டுத் திட்டம் போடலாம், ஆயிரம் குடும்பம் குடியேறும், குடிக்கும். எல்லாம் என்ர வாயில இருந்து வாற ஒரு வசனத்தில தொங்குது. அந்த அறிக்கை என்ர பேரில வந்தது, உலகம் அதை என்ர பேரிலதான் நம்பினது, நான் இல்லையெண்டு சொன்னாலொழிய அந்த மூடியை ஒரு நீதிமன்றமும் கழட்ட விடாது. பாருங்கோவன், துரத்தி விட்ட பிறகும் என்ர சொல்லுத்தான் அங்க நிக்குது. இதை நினைச்சா நெஞ்சு கொஞ்சம் நிமிருது, இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன்.

பெருமை பிடிச்சவள். அப்பிடித்தான் சொல்லுவினம், துறையில, ஊரில, என்ர தாய் மாமன்மார் கூட. ஓம், பிடிச்சவள்தான், ஏன் பிடிக்கக் கூடாது? ஆம்பிளையள் ரெண்டு வரி எழுதிப்போட்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியேக்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நான் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள தண்ணி எந்தப் பாதையால போகுதெண்டு கண்டுபிடிச்சவள். மழை பெய்து எத்தினை நாளில எந்தக் கிணத்தில என்ன வரும் எண்டு சொன்னவள், சொன்ன மாதிரியே வந்தது. வெளிநாட்டில இருந்து வெள்ளைக்காரர் வந்து என்ர ஆய்வுகூடத்தைப் பாக்க வேணும் எண்டவை, வந்து பாத்தா மேசையில வரிசையா அலுமினியக் கேத்தில்கள். அவைக்கு விளங்கேல்லை. பகிடியெண்டு நினைச்சிட்டினம். பகிடி இல்லை ஐயா. எங்கட மண் சுண்ணாம்புக் கல். எங்கட தண்ணியை ஒருக்காக் கொதிக்க வைச்சாலே கேத்தில் அடி வெளுக்கும், ரெண்டு கிழமை கழுவாமல் விட்டா சீமெந்து பூசின மாதிரி ஒரு படை. எந்தக் கிணறு ஆழம், எது மேல்தண்ணி, எதுக்குள்ள கடல் ஏறுது, எல்லாத்தையும் அந்த வெளுப்பைப் பாத்து அரைவாசி சொல்லிப்போடலாம். அதால நான் ஒரு சட்டம் வைச்சிருந்தனான்: கேத்தில் அடியைப் பாக்காமல் ஒருத்தரும் தண்ணியை மெஷினில வைக்கக் கூடாது. மெஷின் நம்பர் சொல்லும். அந்த நம்பர் அந்தத் தண்ணியின்ரதுதானோ, போத்தில் மாறிப் போச்சோ எண்டு மெஷினுக்குத் தெரியாது. கேத்தில் மாறாது. முதல் வருசப் பெடியள் சிரிப்பினம், கேத்தில் மிஸ் வாறா, கேத்தில் மிஸ் வாறா எண்டு நடைபாதையில குசுகுசுப்பினம். எனக்குக் கேக்கும். கேக்காத மாதிரிப் போவன். உள்ளுக்குள்ள எனக்கு அந்தப் பேர் விருப்பம். இங்க தந்த பதக்கம் மேசை லாச்சிக்குள்ள கிடக்குது, அதை விட எனக்கு அந்தப் பேர்தான் விருப்பம். ஈயத்தைக் கண்டதும் கேத்திலாலதான். கற்கிணத்தடித் தண்ணி வெளுக்கிற விதம் மாறிப் போச்சு, வழமையா மா மாதிரிப் படியிறது அந்த முறை பொருக்குப் பொருக்காய்ப் படிஞ்சது. ஏனெண்டு தோண்டிக்கொண்டு போனா பழைய கல்லுக் கிடங்கு, அதுக்குள்ள பற்றரிக்காரர் ஊத்தின அசிட். பெரியவை எல்லாரும் சொல்லிச்சினம், கடினமான தண்ணியில ஈயம் ஓடாது, உங்கட கணக்குப் பிழை மிஸ் எண்டு. ஓடாதுதான். அசிட் கல்லைத் தின்னும், வழி திறக்கும், மாரி மழையில குகை வழியா ஓடி வரும். மூண்டு மாரி இருந்து அளந்தனான். திரும்பத் திரும்ப அளந்தனான். என்ர நம்பரில பிழை இல்லை. இந்தக் கேத்தில் இப்ப சீறத் துவங்குது. கொதி வர இன்னும் கொஞ்சம் இருக்கு.

அந்த நாளும் இப்பிடித்தான், ஒரு பத்துப் பதினொரு மணிப் பொழுது. நான் ஆய்வுகூடத்தில இருக்கிறன், மேசையில சோறு கட்டின பார்சல், புளிச்ச மணம் வருது. அறிக்கை வெளியில வந்து ஒரு கிழமை. பேப்பரில என்ர படம், பக்கத்தில கெட்ட கெட்ட எழுத்து. வாசலில ரெண்டு பேர் வந்து நிக்கினம், காற்சட்டை சேட்டு, முகத்தில ஒண்டுமில்லை. ‘மிஸ்ஸோட கதைக்க வேணும், வேலை முடியட்டும், நிக்கிறம்’ எண்டவை. சும்மா நிக்கிற ஆக்களைப் பாத்து ஏன் பயப்பிட வேணும்? எனக்குப் பயம் வரேல்லை. அதுதான் என்ர குணம், அறிவு கூடின ஆளுக்கு ஆபத்து வராதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறது. அப்பதான் குகநேசன் வந்தான், மெலிஞ்ச பெடியன், கையில கேத்தில். அந்த ரெண்டு பேரையும் தாண்டித்தான் வந்தவன். வந்து என்ர மேசையில கேத்திலை வைச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னான்: ‘மிஸ், கற்கிணத்தடித் தண்ணி கொதிக்க வைச்சனான், கேத்தில் வெளுக்கேல்லை.’ எனக்கு ஏறிச்சுது கோபம். விசரனோ நீர், கற்கிணத்தடித் தண்ணி வெளுக்காமல் இருக்குமோ எண்டு கேக்க வாயெடுத்திட்டன். எடுத்த வாய் நிண்டது. ஏனெண்டா குகநேசன் விசரன் இல்லை. என்ர துறையில அந்தப் பிழையை விடாத ஒரு ஆள் எண்டா அவன்தான். நடக்கேலாத ஒண்டைச் சொல்லுறான். அவன்ர கண்ணைப் பாத்தன். கண் ஒருக்கா வாசல் பக்கம் போய் வந்தது, பேந்து பின் கதவுப் பக்கம். ‘எங்க, கழுவுற இடத்தில வைச்சுப் பாப்பம், வெளிச்சம் காணாது’ எண்டு சொல்லி எழும்பினன். சோத்துப் பார்சல் அங்கேயே கிடந்தது. கழுவுற இடத்துக்குப் பின்னால கதவு, கதவுக்கு வெளியில அவன்ர மோட்டச்சைக்கிள், திறப்புச் சாவி அதிலேயே, ஏறிப் போனவள்தான், திரும்பேல்லை. அண்டைக்கு வீட்டை போயிருந்தாலும் தப்பியிருக்கேலாது, அங்கயும் ஆக்கள் காத்து நிண்டவை, பேந்துதான் அறிஞ்சனான். ஒரு சொல்லுக் கூட வெளிப்படையாச் சொல்லாமல் என்ர உயிரைக் காப்பாத்தினவன். அவனைத்தான் நான் சப்பாத்துக் கழட்டேக்க முறைச்சுப் பாத்தனான். பின்ன என்ன செய்யிறது, உயிரைக் காப்பாத்தினதெண்டா பிறகு என்ர நம்பரை விக்கலாமோ? விக்கக் கூடாது. அவனுக்குப் பொம்பிளைப் பிள்ளையள் எண்டு கேள்வி. பேரப்பிள்ளை வேற வந்திட்டுதாம். சரி, அவரவருக்கு அவரவர்ர பயம்.

இங்க வந்த முதல் கிழமை, அகதிகள் விடுதியில, ஒரு ஓட்டைக் கேத்திலில தண்ணி கொதிக்க வைச்சன். வைச்சுப்போட்டு பழக்கத்தில மூடியைத் திறந்து அடியைப் பாத்தன். ஒண்டுமில்லை. மினுமினுப்பா இருந்தது. திரும்பக் கொதிக்க வைச்சன், அப்பவும் ஒண்டுமில்லை. இந்த ஊர் கருங்கல் மலை, மழைத் தண்ணி அப்பிடியே வழுக்கி ஓடி வருது, கல் அதுக்கு ஒண்டும் குடுக்கிறதில்லை. சுத்தமான தண்ணி, உலகத்தில ஆக நல்ல தண்ணி எண்டு இவைக்குப் பெருமை. நான் அந்த மினுக்கத்தைப் பாத்துக் குளறிக் குளறி அழுதனான். என்ர படிப்பு முழுக்க ஒரு வெள்ளைப் படையில இருந்தது, இங்க வாசிக்க ஒண்டுமில்லை. ஆனா அழுதுகொண்டு இருந்தனானோ? இல்லை. இவையின்ர மொழியைப் படிச்சு, இவையின்ர வடபக்கத்துக் குகையளுக்குள்ள முழங்கால் தேயத் தவண்டு, புத்தகம் எழுதி, பேராசிரியர் எண்டு கூப்பிட வைச்சனான். ஒருத்தரும் எனக்கு இரங்கித் தந்த கதிரை இல்லை இது. எண்டாலும் காலமை எழும்பித் தேத்தண்ணி வைச்சா நாக்குக்கு ஒரு சுவையும் வராது. எங்கட தேத்தண்ணி கறுப்பு, மேல ஒரு ஏடு படரும், வாயில கொஞ்சம் கல்லு மணக்கும். அந்த ஏட்டைத்தான் நான் இத்தினை வருசமா நினைச்சுக்கொண்டு இருக்கிறன், சிரிக்கிறவை சிரிக்கட்டும். அங்க ஆர் இருக்கினம் எண்டா ஒரே ஒரு ஆள், என்ர தங்கச்சி சிவயோகம். அந்த வீட்டிலேயே இருக்கிறாள், மூடின கிணத்துக்குப் பக்கத்தில. வேற ஊருக்குப் போ எண்டாலும் போகேல்லை. பின்னேரத்தில பவுசர் லொறியில தண்ணி வரும், றோட்டுக்கு வாளியோட போய்ப் பிடிச்சு வருவாள், ஹோர்ன் அடிக்கிறது போனில எனக்கும் கேக்கும். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு போகுது. வைத்தியம் இல்லையாம். போன கிழமை கேட்டாள்: ‘அக்கா, முழுக்க இருட்டுறதுக்கு முன்னம் உன்னை ஒருக்காப் பாக்க வேணும். போனில தெரியிறது நிழல்தான். அவங்கள் கேக்கிறதைச் சொல்லிப்போட்டு வாவன். உன்ர நம்பரைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அங்க கிடந்து சாகப் போறியோ?’ பவுசர் வந்ததோ எண்டு கேட்டுக் கதையை மாத்தினன்.

சொல்லிப்போடுவமோ. இவ்வளவு மாரி வந்து போட்டுது. அசிட் முடிஞ்சிருக்கும், தொழிற்சாலையும் மூடியாச்சு, மழை கழுவிக் கழுவிக் கடலுக்குக் கொண்டு போயிருக்கும். நான் படிச்ச படிப்பே சொல்லுது, கழுவுப்பட்டிருக்கலாம் எண்டு. குகநேசன் அளந்திருக்கிறான், அவன் அளக்கத் தெரியாதவன் இல்லை. தண்ணி இப்ப நல்லதெண்டா ஆருக்கு நட்டம்? பிள்ளையள் நல்ல தண்ணி குடிக்கும், பவுசருக்குப் பின்னால ஓடத் தேவையில்லை. நட்டம் என்ர பேருக்கு மட்டும். கிழவி, உன்ர பேரை ஆர் இப்ப கேட்டது? ஒரு வசனம், ஒரு வாய்த் தேத்தண்ணி, பேந்து விமானம், பேந்து படலையைத் திறந்து யோகம் வருவாள், என்ர முகத்தைத் தன்ர கையால தடவுவாள். அவளுக்குப் பொய்யில்லாத முகத்தைக் காட்டுவனோ? காட்ட மாட்டன், அது வேற கதை. பொய் சொன்ன முகமெண்டாலும் முகம்தானே. அவளுக்கு அரைவாசிதானே தெரியப் போகுது. ஐயோ, என்ன கதை கதைக்கிறன். ஆனா சொல்லத்தான் போறன் போல. வாய்க்குள்ள வசனத்தை உருட்டிப் பாக்கிறன், கருவிப் பிழை, கருவிப் பிழை, சொல்லலாம், ஆக்கள் இதை விடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லிப்போட்டுச் சோறு தின்னுகினம். கொதிச்சிட்டுது. விசிலடிக்குது. ஜெயராசசிங்கம் அங்கால போனைத் துடைக்கிற சத்தம் கேக்குது. ‘வெளிச்சம் ஜன்னல் பக்கத்தில நல்லா இருக்கு சேர், மேடத்தை அங்க இருத்துவம்’ எண்டுறார். கேத்திலை இறக்கி, தேயிலை போட்ட கோப்பையில ஊத்திறன். ஆவி மூக்கில படுது. மணந்து பாக்கிறன். மணம் ஒண்டும் இல்லை. வயசு போன மூக்கு. நிறம் இறங்குது, சிவப்பா, பளிச்செண்டு, கோப்பையின்ர அடி வரைக்கும் தெரியுது. கொஞ்சம் பொறுப்பம். ஏடு படரும். பொறுக்கிறன். படரேல்லை.

பழக்கம் கையில இருக்கு, மூளைக்குச் சொல்லாமலே கை போய் மூடியைத் திறந்து, மிச்சத் தண்ணியைச் சாச்சு, அடியைப் பாக்குது. மினுக்கம். ஒரு பொட்டு வெளுப்பு இல்லை. விரலால தடவிறன், சுடுது, எண்டாலும் தடவிறன், வழவழப்பு. இத்தினை வருசமா நான் ஒவ்வொரு காலமையும் பாக்கிற அதே மினுக்கம். போத்திலில மிஞ்சினதை ஒரு மிடறு குடிக்கிறன், பைப்பைத் திறந்து ஒரு மிடறு குடிக்கிறன். ஒண்டுதான். ரெண்டும் ஒரே தண்ணி. இது கற்கிணத்தடி இல்லை, எங்கட மண்ணின்ர எந்தக் கிணறும் இல்லை, இது பேர்கன் தண்ணி, நேற்றோ இண்டைக்குக் காலமையோ ஹோட்டல் பைப்பில பிடிச்சது. முதல் வந்தது ஆத்திரம்தான். கேத்தில் மிஸ்ஸை ஏமாத்தலாம் எண்டு நினைச்சிட்டினம், கிழவிக்கு மறதி எண்டு நினைச்சிட்டினம், இப்பவே போய் அந்தக் கேத்திலாலேயே மண்டையில ஒண்டு. ஒரு அடி எடுத்தும் வைச்சிட்டன். பேந்து நிண்டன். ஆர் கொண்டந்தது? ஜெயராசசிங்கம் எண்டா ஏமாத்துவார், அந்தாளுக்குத் தண்ணியெல்லாம் ஒண்டு. கொண்டந்தது குகநேசன். குகநேசனுக்குத் தெரியும் நான் அடியைப் பாப்பன் எண்டு. செத்துக் கிடந்தாலும் எழும்பி வந்து பாப்பன் எண்டு உலகத்தில தெரிஞ்ச ஒரே ஆள் அவன். அவன் இந்தப் பிழையை விட மாட்டான். கற்கிணத்தடித் தண்ணி, கேத்தில் வெளுக்கேல்லை. அண்டைக்கு ஆய்வுகூடத்தில சொன்ன வசனம். அதையேதான் சொல்லுறான். திரும்பவும் அதையேதான் சொல்லுறான். பக்கத்தில ஆள் இருக்கு, வாய் திறக்கேலாது, திரும்பிப் போக வேணும், பிள்ளையள் அங்க. நம்பாதேங்கோ மிஸ், பின் கதவால போங்கோ. கிணத்துத் தண்ணியை அள்ளினவன்தான், பெட்டியில வைச்சுக் கொண்டந்தவன்தான், வந்து ஹோட்டலில ஊத்திப்போட்டு நல்ல தண்ணி நிரப்பியிருக்கிறான். மிஸ்ஸின்ர வாயில அதை ஊத்த அவனுக்கு மனம் வரேல்லை. அப்ப ஈயம் இன்னும் இருக்கு. கையால எழுதினதைக் கேத்திலால அழிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். என்ர பெடியன். நான் வளர்த்த பெடியன். கண்ணால தண்ணி ஓடுது, ஓடட்டும், பெருமையில வாற தண்ணியைத் துடைக்கத் தேவையில்லை. துடைச்சன்தான், அந்தாளுக்குக் காட்டக் கூடாது.

இதை வெளியில சொல்லேலாது. இந்தத் தண்ணி என்ர கிணத்துத் தண்ணி இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னனெண்டா, எனக்கு வெற்றி, குகநேசன் திரும்பிப் போய் இறங்கிற இடத்திலேயே ஆக்கள் நிப்பினம். அப்ப என்ன காரணம் சொல்லுறது? யோசிச்சன். யோசிக்க என்ன கிடக்கு, காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, பெருமை பிடிச்சவள். அது காணும். தட்டத்தில மூண்டு கோப்பை, சீனி, கேத்திலையும் மற்றக் கையில தூக்கிக்கொண்டு போனன். ஜெயராசசிங்கம் என்னை ஜன்னல் பக்கத்தில இருத்தி, போனைத் தூக்கிப் பிடிச்சார். ‘குடியுங்கோ மேடம்.’ குடிச்சன். ‘எப்பிடி?’ ‘நல்ல தண்ணி’ எண்டன். அந்தாளின்ர முகம் மலர்ந்து போச்சு. ‘இனி அந்த வசனத்தைச் சொல்லுங்கோ.’ நான் சேலைத் தலைப்பை இழுத்து விட்டு நேர போனைப் பாத்துச் சொன்னன்: ‘நான் மங்கையற்கரசி நல்லதம்பி. கற்கிணத்தடித் தண்ணியில ஈயம் இருந்தது. நான் அளந்தனான். என்ர அளவில பிழை இல்லை.’ அந்தாள் போனை மெல்ல இறக்கினார். ‘மேடம், இப்பதானே நல்ல தண்ணி எண்டு சொன்னனீங்கள்.’ ‘தேத்தண்ணி நல்லாத்தான் இருக்கு. அதுக்காக நான் பிழையெண்டு சொல்லுவனோ? நான் பிழை விடுறதில்லை தம்பி.’ எவ்வளவு கேவலமான பெருமையாச் சொல்லலாமோ அவ்வளவு பெருமையாச் சொன்னன். வாழ்க்கையில அதுக்கு நல்லாப் பழகினனான்தானே. ‘வீட்டுக்குப் போற வழியை நீங்களே அடைக்கிறியள். சேர் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டந்த தண்ணி. நீங்களாவது சொல்லுங்கோ சேர்.’ குகநேசன் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடிச்சான். அவன்ர கோப்பை அரைவாசி. நான் கேத்திலைத் தூக்கி, ‘இன்னும் கொஞ்சம் விடட்டோ குகன்?’ எண்டு குனிஞ்சு, மூடியைத் திறந்து, கொஞ்சம் அவன்ர பக்கமாச் சாச்சுப் பிடிச்சன். உள்ளுக்குப் பாத்தான். பேந்து, வந்ததில இருந்து முதல் முறையா, என்ர முகத்தைப் பாத்தான். நரைச்ச தலைக்குக் கீழ அந்த மெலிஞ்ச பெடியன்ர கண் அப்பிடியே இருந்தது. ‘காணும் மிஸ்’ எண்டான். ‘காணும்.’

ரெண்டு பேரும் வெளிக்கிட்டினம். வாசலில ஜெயராசசிங்கம், ‘உங்கட பெருமைதான் உங்களைத் திண்டது மேடம், எனக்குக் கவலையா இருக்கு’ எண்டார். உண்மையாத்தான் கவலைப்பட்டார், பாவம், அந்தாளுக்கும் திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு காரணம் வேணும், காரணத்தை வடிவாக் கட்டிக் குடுத்து விட்டிருக்கிறன். குகநேசன் சப்பாத்துக் கட்டி முடிச்சு நிமிந்து, ‘மிஸ், கேத்திலை நல்லாத் துலக்கி வைச்சிருக்கிறியள்’ எண்டான். ‘பழக்கம்’ எண்டன். குடையை விரிச்சுக்கொண்டு இறங்கிப் போனாங்கள். அந்தச் சரிவில அவன் ஒருக்காத் திரும்பிப் பாப்பான் எண்டு நிண்டனான். பாக்கேல்லை, பாக்கவும் கூடாது, கெட்டிக்காரன். உள்ளுக்கு வந்து போனை எடுத்தன். அங்க பின்னேரம். மணி அடிச்சு, உடனை எடுத்திட்டாள், கையிலேயே வைச்சுக்கொண்டு இருந்திருப்பாள். ‘என்ன சொன்னனி அக்கா?’ இவளுக்கு என்னத்தைச் சொல்ல? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குரலை நிமித்திக்கொண்டு சொன்னன். ‘யோகம், கிணத்து மூடியை ஒருத்தரையும் எடுக்க விடாதை. பள்ளிக்கூடத்து மூடியையும். ஆர் வந்து கேட்டாலும், அக்கா சொன்னவ எண்டு சொல்லு.’ பேந்து மெல்லமா, ‘அப்ப நீ வரேல்லை’ எண்டாள். ‘வரேல்லை.’ தூரத்தில றோட்டுப் பக்கம் ஹோர்ன் அடிச்சுது. ‘எனக்குத் தெரியும், நீ சொல்ல மாட்டாய்’ எண்டாள் யோகம், அவளின்ர குரலும் நிமிந்துதான் இருந்தது. ‘சரி அக்கா, வை. பவுசர் வந்திட்டுது, நான் வாளியோட போறன்.’